இழுப்பது வேறு, சுமப்பது வேறு

1973-க்கு முன்பு அமெரிக்காவின் டென்வரிலிருந்து மேற்கே போகிற வண்டிகள் பலவும் லவ்லேண்ட் கணவாயை ஏறித்தான் கடந்தன. உயரம் 3,655 மீட்டர். அங்கே காற்று மெலிந்துவிடும்; கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் என்ஜின் தன் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடும். பின்னால் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு ஏறும் பிக்-அப் டிரக் முதல் கியரில் முனகும், டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போகும், ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கி வைத்தால் ஆவி பறக்கும். டிரெய்லர் பெரிதாகிவிட்டது என்று யாரும் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. வண்டியே சொல்லிவிடும்.

இப்போது கணவாய்க்குக் கீழே ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை இருக்கிறது. அதுவும் ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரத்தில்தான். ஆனால் டர்போ டீசலுக்கு அந்த உயரம் ஒரு பொருட்டே இல்லை. ஆறேழு டன் எடையுள்ள நடமாடும் வீட்டை இழுத்துக்கொண்டு, ஏசியும் பாட்டும் ஓட, ஒரு ஓய்வுபெற்ற தம்பதி ஏறி இறங்கிவிடுகிறார்கள். என்ஜின் ஒரு முனகல்கூட விடுவதில்லை. பாரம் அதிகமாக இருந்தாலும் விடுவதில்லை. ஐம்பது ஆண்டுகளில் வந்த மாற்றத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த மௌனம்தான்.

இங்கே பேசுவது எல்லா டிரெய்லரையும் பற்றி அல்ல, ஃபிஃப்த் வீல் வகையைப் பற்றி. சென்னைத் துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அமைப்பு தெரிந்ததுதான். டிரெய்லரின் முன்பக்கம் இழுக்கும் வண்டியின் முதுகில் ஏறி உட்காரும். அடியில் தொங்கும் கிங்பின், வட்டத் தட்டின் தாடைக்குள் பூட்டிக்கொள்ளும். அதையே சிறிதாக்கி பிக்-அப் டிரக்கின் பின்தொட்டிக்குள், பின் ஆக்சிலுக்கு நேர் மேலே, வைத்திருக்கிறார்கள். சாதாரண டிரெய்லர் பம்பருக்குப் பின்னே கொக்கியில் தொங்குவதால், காற்று அடித்தால் வால் ஆட்டும். ஃபிஃப்த் வீல் அப்படி ஆட்டாது. நீளமான, கனமான டிரெய்லர் வேண்டும் என்கிறவர்கள் இதைத் தேடிப் போவதன் காரணம் அதுதான். விமான முன்னோடியான கிளென் கர்ட்டிஸ் 1920-களின் இறுதியிலேயே இதைச் செய்து பார்த்தார். காரின் பின்பகுதியில் ஒரு விமான டயரைப் படுக்கைவாட்டில் வைத்து, அதன் நடுவே டிரெய்லரின் மூக்கை இறக்கினார். பணக்காரர்களுக்கான சொகுசு வண்டி அது. 1930-இல் அவர் இறந்த பிறகு அந்த முயற்சி பெரிதாக வளரவில்லை.

வால் ஆட்டாத இந்த நிம்மதிக்கு ஒரு விலை உண்டு. நம் ஊர் மாட்டுவண்டியில் மூட்டை அடுக்குகிறவர் முன்பாரம், பின்பாரம் பார்த்துத்தான் அடுக்குவார். முன்னே கூடினால் மாட்டின் கழுத்து நசுங்கும், பின்னே கூடினால் நுகம் மேலே தூக்கும். ஃபிஃப்த் வீலிலும் முன்பாரம் என்று ஒன்று இருக்கிறது. மொத்த எடையில் 20 முதல் 25 விழுக்காடு, கிங்பின் வழியாக டிரக்கின் முதுகில் இறங்கும். கொக்கி டிரெய்லரில் இது 10 முதல் 15 விழுக்காடுதான். ஆகவே ஃபிஃப்த் வீலை டிரக் இழுத்தால் மட்டும் போதாது, அதில் ஏறக்குறைய கால்வாசியைச் சுமக்கவும் வேண்டும்.

பழைய டிரக்குகள் சுமப்பதற்கென்றே பிறந்தவை. 1948-இல் ஃபோர்டு தன் எஃப் வரிசையைக் கொண்டுவந்தபோது அது பண்ணைக்கும் பட்டறைக்குமான வண்டி. அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்று சுமக்கும் அளவை வைத்தே பிரித்தார்கள். ஒரே இருக்கை வரிசை, ரப்பர் மேட், எட்டடித் தொட்டி, அடியில் தடித்த வில்பட்டைகள். காலியாக ஓட்டினால் இடுப்பு கழன்றுவிடும். தீவன மூட்டை ஏறினால்தான் சீராக ஓடும். 1970-களில் அதன் பின்னால் ஏறிய ஃபிஃப்த் வீலும் எளிய பெட்டிதான்: அலுமினியத் தகடு போர்த்திய மரச்சட்டம், மூக்கில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, சின்ன எரிவாயு ஃபிரிட்ஜ். 1974 முதல் நெடுஞ்சாலை வேக உச்சவரம்பும் மணிக்கு 55 மைல், ஏறக்குறைய 88 கிலோமீட்டர். அந்த வேகத்தில் டயரும் அவ்வளவாகச் சூடேறாது. அந்தக் காலத்தில் எல்லாரும் எடை பார்த்து ஓட்டினார்கள் என்று நான் சொல்லவில்லை. பார்த்திருக்கவும் மாட்டார்கள். 1970-களின் நடுவில் வந்த பெட்ரோல் வி8 என்ஜின்களில் பெரும்பாலானவை 200 குதிரைத்திறனைத் தொடவில்லை. சுமக்கும் எல்லையை எட்டுவதற்கு முன்பே இழுக்கும் எல்லை வந்து நிறுத்திவிடும். என்ஜினின் பலவீனமே வில்பட்டைக்கும் டயருக்கும் காவலாக இருந்தது.

அந்தக் காவல் 1989-இல் விலகத் தொடங்கியது. டாட்ஜ் தன் பிக்-அப்பில் கம்மின்ஸ் டீசலை வைத்தது. 160 குதிரைத்திறன் என்பது பெரிய எண் இல்லை. ஆனால் முறுக்குவிசை 400 பவுண்டு-அடி. அதுவும் டிராக்டர் போல, என்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே கிடைத்தது. பிறகு அமெரிக்காவின் மூன்று பெரிய நிறுவனங்களுக்கும் இடையே பந்தயம்தான். 2019-இல், டாட்ஜ் பிக்-அப்பின் இன்றைய பெயரான ராம் 1,000 பவுண்டு-அடியைத் தொட்டது. 2023-இல் ஃபோர்டு 1,200-க்கும் 500 குதிரைத்திறனுக்கும் போனது. முப்பது சொச்சம் ஆண்டுகளில் மும்மடங்கு. அதே காலத்தில் முக்கால் டன் டிரக்கின் சுமக்கும் அளவு மும்மடங்காகவில்லை. பெரிதாகக் கூடியது என்றுகூடச் சொல்ல முடியாது.

விளம்பரத்துக்குத் தோதானது எப்போதும் இழுக்கும் எண்தான். ஒரு காலத்தில் அதை ஆளாளுக்கு ஒரு விதமாக அளந்து, ஆளாளுக்கு ஒரு எண்ணை அச்சடித்தார்கள். 2008-இல் வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ, ஜே2807 என்ற பொது அளவுகோலை வெளியிட்டது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கட்டுச் சாலையில் 18 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஏற்றம். கோடை வெயில், ஏசி முழு வேகத்தில், ஒற்றைப் பின்சக்கர டிரக் மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. 2011 மாடலில் டொயோட்டா முதலில் அதற்கு உடன்பட்டது. உடனே அதன் இழுக்கும் எண் குறைந்தும் போனது. மற்றவர்கள் வந்து சேரச் சில ஆண்டுகள் ஆயின. நல்ல காரியம், மறுப்பதற்கில்லை. ஆனால் நேர்மையாக்கப்பட்டது இழுக்கும் எண் மட்டும். அந்தச் சோதனையில் டிரக்குக்குள் இருப்பவர்கள் இரண்டே பேர், ஆளுக்கு 68 கிலோ. டீசல் டிரக்கில் ஃபிஃப்த் வீல் இழுத்துக்கொண்டு ஊர் சுற்றும் அமெரிக்கத் தம்பதிகளில் அந்த எடையில் எத்தனை பேரைப் பார்க்க முடியும் என்பது வேறு கதை.

டிரெய்லர் மட்டும் சும்மா இருந்ததா? இண்டியானா மாநிலத்தில் எல்க்கார்ட் என்ற ஊரும் அதைச் சுற்றியுள்ள பகுதியும்தான் இந்தத் தொழிலின் திருப்பூர். அமெரிக்க நடமாடும் வீடுகளில் பெரும்பகுதி அங்கேதான் தயாராகிறது. ஆமிஷ் சமூகத் தொழிலாளர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். காரே வைத்துக்கொள்ளாத மக்கள் சக்கர வீடு கட்டிக் கொடுக்கிறார்கள் என்பதை யோசித்தால் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். அங்கேயுள்ள நியூமார் நிறுவனம் 1990-இல் சுவரை வெளியே தள்ளும் அறையைக் கொண்டுவந்தது. வண்டி நின்றதும் பொத்தானை அழுத்தினால் கூடத்தின் ஒரு பக்கம் அலமாரி போல வெளியே நகர்ந்து, வீடு அகலமாகிவிடும். முதலில் ஒன்று, பிறகு இரண்டு. இன்று நான்கு ஐந்து சாதாரணம். ஒவ்வொன்றுக்கும் தண்டவாளம், மோட்டார், கனத்த சட்டம். இடம் கிடைத்ததும் பொருள்கள் வந்தன: வீட்டு அளவு ஃபிரிட்ஜ், சமையல் மேடை, சாய்வு சோபா, மின்சாரக் கணப்பு, இரண்டு மூன்று ஏசி, துணி துவைக்கும் இயந்திரம். அந்த இயந்திரத்தையும் துணி அலமாரியையும் எங்கே வைக்கிறார்கள் தெரியுமா? பெரும்பாலும் மூக்கில், படுக்கையறையில். எரிவாயு சிலிண்டரும் பேட்டரியும் அதற்குக் கீழேயுள்ள முன் அறையில். எல்லாம் கிங்பின்னுக்குப் பக்கத்திலேயே. குடும்பம் சாமான் ஏற்ற ஏற்ற முன்பாரம் ஏறிக்கொண்டே போகும்.

டிரக்கும் தன் பங்குக்குத் தானே கனத்தது. ஒற்றைக் கேபின் போய் நான்கு கதவுக் கேபின் வந்தது. டீசல் என்ஜின் பெட்ரோல் என்ஜினைவிடச் சில நூறு கிலோ கூடுதல். நான்கு சக்கர இயக்கம், சூடும் குளிரும் தரும் இருக்கை, கண்ணாடிக் கூரை. மொத்த எடைக்கு மேல்வரம்பு ஒன்றுதான். அதில் வண்டி தானே தின்றது போக மிஞ்சுவதுதான் நமக்கு. நம் ஊர் ஆர்சி புத்தகத்தில் காலி எடைக்கும் மொத்த எடைக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைப் பார்க்கிற அதே கழித்தல்தான். விலை கூடிய மாடல் குறைவாகச் சுமக்கும் என்பதை ஷோரூமில் யாரும் வலியச் சொல்வதில்லை.

அதைச் சொல்வது ஒரு ஸ்டிக்கர். ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவு வந்து மூடும் தூணில், உள்ளங்கை அளவில் ஒட்டியிருக்கும். மஞ்சள் வெள்ளையில், டயர் படத்தோடு, ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவை ஒருபோதும் தாண்டக் கூடாது என்ற ஒரு வரி. பழைய டிரக்குகளில் இந்த வரி கிடையாது. 2000-இல் ஃபயர்ஸ்டோன் டயர்கள் வெடித்து ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர்கள் உருண்ட விவகாரம் அமெரிக்காவையே உலுக்கியது. அதே ஆண்டு நாடாளுமன்றம் டிரெட் சட்டத்தை இயற்றியது. அதன் தொடர்ச்சியாக வந்த விதிகள்தான் இந்த ஸ்டிக்கரைத் தூணில் ஒட்ட வைத்தன. இதில் கவனிக்க வேண்டியது, எண் மாடலுக்கானது அல்ல, அந்த ஒரு வண்டிக்கானது. ஷோரூம் வாசலில் அக்கம்பக்கமாக நிற்கும் ஒரே பெயர், ஒரே நிற டிரக்குகள் இரண்டின் கதவைத் திறந்து பார்த்தால் இரண்டு எண் இருக்கும். ஒன்றில் கண்ணாடிக் கூரை, மற்றதில் இல்லை. பிரசுரத்தில் பெரிய எழுத்தில் போடும் உச்ச எண்ணோ ஒற்றைக் கேபின், இரு சக்கர இயக்கம் கொண்ட, யாரும் வாங்காத மொட்டை வண்டிக்குரியது.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம் கொண்ட முக்கால் டன் டீசல் டிரக். மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டு, அதாவது 4,536 கிலோ. ஸ்டிக்கரில் 1,043 கிலோ. இழுக்கும் எண் 7,711 கிலோ. டிரெய்லரின் காலி எடை 4,808 கிலோ, பிரசுரத்தில் போட்டிருக்கும் முன்பாரம் 930 கிலோ. விற்பனையாளர் சொல்வார்: 7,711-ஐ இழுக்கிற வண்டி, 4,808 எம்மாத்திரம், முன்பாரமும் 1,043-க்குள்தானே இருக்கிறது. இரண்டும் பொய் இல்லை. ஆனால் காலி டிரெய்லரை யாரும் ஊருக்கு இழுத்துப் போவதில்லை. தண்ணீர், துணிமணி, பாத்திரம், கருவிகள் எல்லாம் ஏறியபின் டிரெய்லர் 5,806 கிலோ. அதில் 22 விழுக்காடு 1,277 கிலோ. முதல் வரியிலேயே ஸ்டிக்கர் தாண்டிவிட்டது. தொட்டிக்குள் பூட்டிய தட்டு 82 கிலோ, தம்பதி 159 கிலோ, நாயும் ஜெனரேட்டரும் கருவிப் பெட்டியுமாக 113 கிலோ. ஆகக்கூடி 1,631. வரம்புக்கு மேல் 588 கிலோ. இழுக்கும் எண்ணிலோ இன்னும் 1,905 கிலோ மிச்சம் இருக்கிறது! இந்த வண்டியை எந்த மலைக்குக் கொண்டுபோனாலும் அசராமல் ஏறும்.

இறங்கும்போது என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பல ஆண்டுகள் ஒன்றும் ஆகாது. பின்பக்கம் அமுங்கி முகவிளக்கு எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். பின் டயர்கள் சூடேறும். பேரிங்கும் பிரேக்கும் சீக்கிரம் தேயும். பிறகு ஒரு கோடை மதியம், வளைவில், திடீர் பிரேக்கில், எல்லாம் ஒன்றாகச் சேரும். சரக்கு லாரிகளைப் போலச் சொந்த வண்டிகளை எடை மேடைக்கு மறித்துத் திருப்புவது அபூர்வம். கலிபோர்னியா போன்ற இடங்களில் 15,000 பவுண்டுக்கு மேற்பட்ட ஃபிஃப்த் வீலுக்குத் தனி லைசென்ஸ் வேண்டும்; பல மாநிலங்களில் கார் லைசென்ஸே போதும்.

பின்பக்கம் அமுங்கினால் காற்றுப் பை பொருத்திக்கொள்கிறார்கள். வண்டி நிமிர்ந்துவிடும். வரம்பு ஒரு கிலோகூட நிமிராது. ஆக்சிலும் டயரும் பிரேக்கும் பழையவைதானே. என்னைக் கேட்டால், பாரம் கூடிப்போனதைக் காட்டிக்கொண்டிருந்த கடைசி அடையாளத்தையும் அது மறைத்துவிடுகிறது. முன்பாரத்தைக் குறைக்கச் சாமானைப் பின்னே தள்ளுவது இன்னும் மோசம். ஃபிஃப்த் வீலின் பெரிய நன்மையான நிலைத்தன்மையையே அது கெடுத்துவிடும். தண்ணீர்த் தொட்டி இருக்கும் இடமும் கணக்கை மாற்றும்: 300 லிட்டர் என்றால் 300 கிலோ, அது ஆக்சிலுக்கு முன்னே இருந்தால் ஒரு பங்கு டிரக்கின் முதுகுக்குப் போகும். பின்னால் மோட்டார் சைக்கிள் ஏற்றும் கொட்டகை வைத்த டிரெய்லர்களில் வேடிக்கை தலைகீழ். வண்டிகளை ஏற்றினால் முன்பாரம் குறையும், இறக்கினால் கூடும்.

அந்த 10,000 பவுண்டு வரம்பு பற்றி ஒரு வாதம் ஓய்வதே இல்லை. ஸ்டிக்கர் வெறும் காகிதம், ஆக்சிலும் டயரும் தாங்குகிறதா என்று மட்டும் பார் என்பார்கள் ஒரு சாரார். அதில் ஓரளவு உண்மை இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 10,000-ஐத் தாண்டினால் வண்டி அடுத்த வகுப்புக்குப் போய்விடும், தொழில் வாகன விதிகள் வந்து ஒட்டும், சில மாநிலங்களில் பதிவுக் கட்டணமும் ஏறும் என்பதற்காகவே முக்கால் டன் டிரக்குகளுக்கு அந்த எண்ணை வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே நிற்கும் ஒரு டன் டிரக்கின் அடிப்பாகம் பெரும்பாலும் இதேதான். ஆனாலும் 588 கிலோவைக் காகிதம் என்று தள்ளிவிட முடியுமா? விடை எடை மேடையில் கிடைக்கும்.

நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற எடை மேடைகள் இருக்கின்றன. 1977-இல் தொடங்கியவை, அயோவாவில் வால்காட் என்ற ஊர்தான் அவற்றின் தாய்வீடு. லாரிக்காரர்களுக்காக வந்தவை, இப்போது வார விடுமுறையில் டிரெய்லர்க்காரர்களும் வரிசையில் நிற்கிறார்கள். மேடை மூன்று தனித்தனித் தட்டுகளாக இருக்கும். முன் சக்கரம் ஒன்றில், பின் சக்கரம் ஒன்றில், டிரெய்லர் சக்கரங்கள் மூன்றாவதில் நிற்கும்படி வண்டியை நகர்த்த வேண்டும். மேலே கம்பத்தில் இருக்கும் பொத்தான் லாரி ஓட்டுநரின் கைக்கு எட்டும் உயரத்தில் இருப்பதால், பிக்-அப்பிலிருந்து எட்டிக் குத்தவேண்டியிருக்கும். இப்போது செல்பேசிச் செயலி வந்து அந்தச் சிரமம் இல்லை. மேலே சொன்ன ஜோடியை அங்கே ஏற்றினால் சீட்டில் முன் ஆக்சில் 2,110, பின் ஆக்சில் 3,014, டிரெய்லர் 4,529 என்று வரும். பின் டயர்கள் இரண்டும் சேர்ந்து 3,300 கிலோ தாங்கும் வகையென்றால் டயர் தப்பித்தது. பின் ஆக்சிலுக்கு அந்த டிரக்கில் போட்டிருக்கும் வரம்பு 2,812 என்றால் அதில் 202 கிலோ கூடுதல். இது காகிதம் இல்லை, இரும்பு. சீட்டை வாங்கிய அன்று கணவனும் மனைவியும் வண்டிக்குள் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

அன்றைய டிரக் வாய்விட்டுச் சொன்னதை மீண்டும் டிரக்கையே சொல்ல வைக்கும் முயற்சியும் தொடங்கியிருக்கிறது. 2021 எஃப்-150-இல் ஃபோர்டு உள்ளேயே ஒரு தராசை வைத்தது. தொட்டியில் பாரம் ஏற ஏறத் திரையிலும் பின்விளக்கிலும் காட்டும். மின்சார டிரக்குகள் எதிர்த்திசையில் போகின்றன. முதலில் வந்த ஹம்மர் மின்சார பிக்-அப்பின் எடை 4,000 கிலோவுக்கு மேல். அது சுமப்பதோ ஏறக்குறைய 590 கிலோ. முன்பு கேபினும் டீசலும் தின்ற இடத்தை இப்போது பேட்டரி தின்கிறது.

எடைச் சீட்டோடு திரும்பியவர்களுக்கு வழி இரண்டுதான்: சின்ன டிரெய்லர், அல்லது பெரிய டிரக். அரை டன் டிரக்கே இழுக்கும் என்ற விளம்பரத்தோடு வரும் இலகு ஃபிஃப்த் வீல்களை நான் நம்பமாட்டேன். நான்கு கதவு அரை டன் டிரக்கின் ஸ்டிக்கரில் 680 கிலோ அளவுதான் இருக்கும், அதில் முன்பாரம் போக குடும்பத்துக்கு மிஞ்சுவது சொற்பம். பெரும்பாலோர் டிரக்கைத்தான் மாற்றுகிறார்கள். பின்னால் இரட்டைச் சக்கரம் வைத்த ஒரு டன் டிரக், 14,000 பவுண்டு வரம்பு, 2,200 கிலோவுக்கு மேல் சுமக்கும். வீட்டு கராஜுக்குள் நுழையாது, காபிக்கடை ஜன்னல் பாதையில் பின்மட்கார்டு உரசும். பரவாயில்லை என்று வாங்கிவிட்டு, செப்டம்பரில் பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் நடக்கும் பெரிய நடமாடும் வீட்டுக் கண்காட்சிக்குச் சும்மா பார்த்துவிட்டு வரலாமென்று போகிறார்கள். அங்கே 44 அடி நீளத்தில், ஐந்து அறைகள் வெளியே தள்ளும், 9,000 கிலோ வீடு ஒன்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறது. அதில் 22 விழுக்காடு எவ்வளவு என்று விற்பனையாளரிடம் கேட்டால், இந்த டிரக் எதை வேண்டுமானாலும் இழுக்கும் என்பார்.